அந்த ஃபிளாஷ் எந்தப் பக்கம் பார்த்து அடிக்கும்?

வீதியில் வேகமாக ஓடுகிறவர்களைப் படம் பிடிக்கிற கமராவின் ஃபிளாஷ் கண்ணைக் குருடாக்காது. கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் "குருடாக்காதாம், போ" என்று அதோடு கதையை முடித்துவிடுகிறவர்களையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கண்ணுக்கு ஒரு கீறலும் விழாமலே ஒரு சாரதி இரண்டு செக்கன் ஒன்றும் தெரியாமல் வாகனம் ஓட்டலாம். நான் எழுத வந்தது அந்த இரண்டு செக்கனைப் பற்றி.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் நான். காலி வீதி என்கிற பிரதான வீதியில் ஓடுகிற ஓட்டோக்காரர், பாடசாலை வான் ஓட்டுகிறவர், பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பொடியன்கள் என்று வீதியிலேயே பிழைப்பு உள்ள ஆட்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அண்மைக்காலமாக எல்லோருடைய போனிலும் ஒரே மாதிரியான வீடியோக்கள். இங்கிலாந்திலோ ஜேர்மனியிலோ இரவில் ஒரு கமரா பளிச்சென்று அடிக்கும். பின்னால் ஒரு குரல், இதனால் கண் நரம்பு செத்துப்போகும், வலிப்பு வரும், நாளைக்கு உங்கள் ஊருக்கும் வருகிறது என்று பயமுறுத்தும். உறவுக்காரர் அனுப்புவார்கள், இவர்கள் குடும்பக் குழுவில் போடுவார்கள், பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டி, "மிஸ், உண்மையா?" என்று கேட்பார்கள்.

கொழும்பில் இந்தப் பேச்சு கிளம்பியதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜனவரி 22 முதல் இங்கே சிசிடிவி கமராவைப் பார்த்தே பொலிஸார் வீதி விதி மீறல்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். சிவப்பு லைட்டைத் தாண்டினால், கோடு மாறினால், சந்தியில் பொலிஸ்காரர் யாரும் இல்லாவிட்டாலும் வீட்டுக்குத் தகவல் வரும் என்று ஆகிவிட்டது. அந்த சிசிடிவி கமராக்கள் ஃபிளாஷ் அடிப்பதில்லை. அவை இருக்கிற வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். கையில் பிடித்து வேகம் பார்க்கிற 'ஸ்பீட் கன்' வேறு வகை. லேசர் வகையில் வருவது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் கதிரில் வேலை செய்கிறது. பெரும்பாலானவை 905 நானோமீற்றர் அலைநீளத்தில், லேசர் பாதுகாப்புத் தரத்தில் முதலாம் வகுப்பில் இருப்பவை. நேரே பார்த்தாலும் கண்ணுக்குப் பங்கம் வராத வகுப்பு அது. ஆகவே இன்றைக்குக் கொழும்பு வீதியில் இருப்பதைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. நாளைக்குத் தூணில் ஏறப்போகும் கமராவைப் பற்றிக் கேட்பதற்கு நேரம் இதுதான். தூண் நட்ட பிறகு கேட்டு என்ன பயன்?

கண் கெடுமா என்ற கேள்விக்கு என் தொழிலிலேயே பதில் இருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வருடா வருடம் விழித்திரையைப் படம் எடுக்கச் சொல்கிறோம். அந்தக் கமராவில் நாடியை வைத்துக் குந்தியிருந்தால், வில்லை கண்ணுக்கு ஒரு விரல் நீளம்கூடத் தள்ளி இல்லாமல் வந்து நிற்கும். மருந்து விட்டு விரித்த கண்மணிக்குள்ளே வெள்ளை ஃபிளாஷ் நேராகப் போய் அடிக்கும். ஆள் திடுக்கிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுப்பார். எழுந்து நின்று, "எல்லாம் ஊதாவாத் தெரியுது" என்பார். கொஞ்ச நேரம் சுவரில் பச்சையும் ஊதாவுமாக ஒரு திட்டு மிதக்கும், பிறகு கரைந்துவிடும். உலகம் முழுக்க எத்தனையோ ஆண்டுகளாக இப்படித்தான் எடுக்கிறார்கள், விழித்திரை எரிந்துபோவதில்லை. பல மீற்றர் தள்ளி, உயரமான தூணிலிருந்து, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு நேரம் அடிக்கிற ஃபிளாஷ் அதைவிட எவ்வளவோ குறைந்த வெளிச்சத்தைத்தான் கண்ணுக்குள் கொண்டுபோகும்.

ஆனால் படம் எடுத்துவிட்டு அந்த ஆளை நாங்கள் உடனே வாகனம் ஓட்ட விடுவதில்லை. விரித்த கண்மணி சுருங்கும்வரை வாங்கில் இருத்தி வைத்திருப்போம், துணைக்கு ஒருவரைக் கூட்டிவரச் சொல்வோம். வீதியில் ஓடிக்கொண்டிருக்கிறவரை யார் இருத்தி வைப்பது?

இருட்டில் பார்ப்பதற்கு விழித்திரையில் கோல் கலங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவற்றில் உள்ள ரொடொப்சின் என்ற நிறப்பொருள் வெளிச்சம் பட்டதும் வெளிறிப்போகும், பிறகு மெல்ல மெல்லத்தான் திரும்பச் சேரும். முழு இருட்டுக்குப் பழக அரை மணி நேரம்வரை எடுக்கும். வீதி விளக்கும் ஹெட்லைட்டும் உள்ள நகரத்தில் கண் அந்தளவு இருட்டுக்குப் பழகுவதே இல்லை, அதனால் இழப்பும் அவ்வளவு பெரிதில்லை. விளக்கு குறைந்த பாதையில், மழை இரவில், கதை வேறு. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிற வாகனம் இரண்டு செக்கனில் ஏறக்குறைய 28 மீற்றர் ஓடிவிடும். காலி வீதியில் 28 மீற்றருக்குள் ஒரு பஸ் தரிப்பிடம், அதிலிருந்து இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடுகிற ஒரு பிள்ளை, ஒரு மஞ்சள் கடவை எல்லாம் வந்துவிடும். அதிவேகப் பாதையில் 100இல் போனால் அதே இரண்டு செக்கனுக்கு 55 மீற்றருக்கு மேல்.

வெளிச்சம் பட்ட பிறகு பார்வை திரும்பும் வேகம் எல்லோருக்கும் ஒன்றல்ல. இதைப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணை மூடச் சொல்லி, மற்றக் கண்ணில் 10 செக்கன் சிறு டோர்ச் வெளிச்சத்தைக் காட்டி எடுத்துவிட்டு, முதலில் வாசித்த எழுத்து வரிசையைத் திரும்ப வாசிக்கச் சொல்வோம். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் வாசித்துவிட வேண்டும். தெஹிவளையிலிருந்து வருகிற ஓட்டோக்காரர் ஒருவருக்கு, அறுபதைத் தாண்டியவர், இதைச் செய்து பார்த்தேன். வலது கண் சுறுசுறுப்பாகத் திரும்பியது. இடது கண்ணில் வெளிச்சத்தை எடுத்த பிறகு பலகையைப் பார்த்தபடியே இருந்தார். முழங்காலில் வைத்த கை ஹாண்டிலைப் பிடிக்கிற மாதிரியே இறுகியிருந்தது. "பலகை இருக்குது மிஸ், எழுத்து இல்ல" என்றார். நான் கையில் கடிகாரத்தோடு நிற்கிறேன், நிமிடம் தாண்டிவிட்டது, அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். இரவில் எதிரே லொறி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஹாண்டிலை அப்பிடியே நேராப் பிடிச்சுக்கொண்டு போறதுதான். ரோடு திரும்பத் தெரியும்வரைக்கும் கடவுளே எண்டு போவன்." லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய கண் வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினேன்.

டோர்ச்சை 10 செக்கன் காட்டுவதும் கமரா ஃபிளாஷ் அடிப்பதும் ஒன்றல்ல என்பது தெரியும். அந்த ஃபிளாஷ் அவரை ஒரு நிமிடம் முடக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. முப்பது வயது ஆரோக்கியமான கண்ணை வைத்து அளந்து "பாதுகாப்பானது" என்று முத்திரை குத்திவிட்டு, இவர்களைப் போன்றவர்கள் ஓடுகிற வீதியில் கொண்டுவந்து நட முடியாது. என் கவலை அது.

இனி, ஃபிளாஷ் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது எந்த நிறம், எந்தப் பக்கம் பார்த்து அடிக்கிறது என்பதில்தான் முழு விஷயமும் தங்கியிருக்கிறது. என் குடும்பத்திலேயே இரண்டு படங்கள் இருக்கின்றன. பெரியம்மாவின் மகன் லண்டனில். வேகமாக ஓடிக் கமராவில் பிடிபட்ட அந்த அண்ணாவுக்கு வந்தது கார் பின்பக்கத்தின் இரண்டு படங்கள்: பின் லைட்டுகள், நம்பர் பிளேட், வீதியில் ஏணிப்படி போல வெள்ளைக் கோடுகள். இரண்டு படத்துக்கும் இடையில் அரை செக்கன். கார் எத்தனை கோடு தாண்டியது என்று எண்ணினால் ராடார் சொன்ன வேகம் சரியா என்று சரிபார்த்துவிடலாம். சித்தியின் மகன் ஜேர்மனியில். அந்தத் தம்பிக்கு வந்த கடிதத்தில் கறுப்பு வெள்ளையில் அவனுடைய முகம்! வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில். பக்கத்தில் மச்சாள் இருந்த இடத்தை மட்டும் அழித்து மறைத்திருந்தார்கள், பிரயாணி யார் என்பது அரசாங்கத்துக்குத் தேவையில்லை என்பதால்.

ஒரு நாட்டில் முதுகையும் ஒரு நாட்டில் முகத்தையும் எடுப்பதற்குக் காரணம் சட்டம். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 172, வாகனச் சொந்தக்காரரிடம் "அப்போது ஓட்டியது யார், சொல்" என்று கேட்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. நம்பர் பிளேட் கிடைத்தால் போதும், எனவே பின்னாலிருந்து எடுக்கலாம். ஜேர்மனியில் ஓட்டிய ஆள்தான் பொறுப்பு, ஆளை அடையாளம் காட்டியாக வேண்டும், எனவே முன்னாலிருந்து எடுத்தே ஆகவேண்டும். முன்னாலிருந்து வெள்ளை ஃபிளாஷை அடித்தால் சாரதியின் கண்ணில்தான் அடிக்கும் என்பதால், அங்கே சிவப்பு ஃபிளாஷ் வைத்தார்கள். கோல் கலங்களுக்கு ஆழ்ந்த சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. கப்பல்களில் இரவுக் காவல் இருப்பவர்களின் அறையில் சிவப்பு விளக்கு போடுவதும் இதனால்தான். பிறகு சுரங்கப் பாதை போன்ற இடங்களுக்கு இன்னும் ஒரு படி போய், கண்ணுக்கே தெரியாத இன்ஃப்ராரெட் ஃபிளாஷ் கொண்டுவந்தார்கள். தென்னாபிரிக்காவின் ட்ரூவெலோ கமராக்கள் இங்கிலாந்தில் முன்பக்கம் படம் எடுப்பவை. அவற்றிலும் ஃபிளாஷுக்கு முன்னால் வடிகட்டி வைத்துத்தான் அடிக்கிறார்கள். லண்டன் அண்ணாவைப் பிடித்த கட்சோ வகைக் கமரா வெள்ளை ஃபிளாஷ் அடிப்பது. அது 1992 முதல் அந்த நாட்டில் இருக்கிறது. அதை உண்டாக்கிய மோரிஸ் கட்சோனிடஸ் ஜாவாவில் பிறந்த ஒல்லாந்தர், 1953இல் மொண்டி கார்லோ ராலியில் வென்ற ஓட்டக்காரர். வளைவுகளில் தன் வேகத்தை அளந்து இன்னும் வேகமாக ஓடுவதற்காக அவர் தொடங்கிய வேலை, கடைசியில் ஊரையே மெதுவாக ஓட வைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "வேகமாக ஓடாவிட்டால் ஃபிளாஷ் ஏன் அடிக்கப்போகிறது, கள்ளனுக்குத்தானே பயம்" என்று கமரா ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். நானும் கமராவை ஆதரிக்கிறவள்தான், ஆனால் இந்த வாதம் பிழை. பின்னாலிருந்து எடுக்கும் கமரா, தாண்டிப்போகிற காரின் முதுகைப் பார்த்து அடிக்கிறது. கமரா பார்த்து நிற்கிற அதே திசையிலிருந்து, மறுபக்கத்து லேனில், ஒருவர் கமராவை நோக்கி வந்துகொண்டிருப்பார். அவர் 40இல் ஒழுங்காக வருகிற ஓட்டோக்காரர். குற்றம் செய்தவனுக்கு வெளிச்சம் முதுகில், செய்யாதவருக்கு முகத்தில். தனக்குத்தான் அடித்ததோ என்று திடுக்கிட்டு பிரேக்கை மிதிப்பார். காலி வீதியின் ஒருவழிப் பகுதியில் இந்தப் பிரச்சினை இல்லை. மரைன் டிரைவ் போல இரண்டு பக்கமும் ஓடுகிற ஒடுங்கிய பாதையில் இருக்கிறது.

வலிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், பிள்ளைகள் உள்ளவர்கள் பயந்துபோய்க் கேட்கிறார்கள். வெளிச்சத்தால் தூண்டப்படும் வலிப்பு உண்மையான விஷயம். ஜப்பானில் 1997 டிசம்பரில் ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அப்படித் தூண்டுவதற்கு வெளிச்சம் செக்கனுக்கு மூன்று தடவை முதல் முப்பது தடவைவரை தொடர்ந்து துடிக்க வேண்டும். கமரா ஒன்றோ இரண்டோ தடவை அடித்து நின்றுவிடும். அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

விடக்கூடாத கவலை நம்முடைய வாகனங்களைப் பற்றியது. மேலே சொன்ன நாடுகளில் ஃபிளாஷ் ஒரு துப்புரவான காரின் கண்ணாடியில் படுகிறது. இங்கே அது எதில் படும்? அடுத்த தடவை ஓட்டோவில் ஏறும்போது முன் கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். வைப்பர் றப்பர் தேய்ந்து இரும்பு இழுத்த அரைவட்டக் கீறல், அதற்குள் மணல் உரசிய நூறு மெல்லிய கோடுகள், மேலே சாமிப் படம், ஸ்டிக்கர். பகலில் தெரியாது. இரவில் ஒரு வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு கீறலும் தனித்தனியாகப் பற்றிக்கொண்டு அந்த அரைவட்டம் முழுக்க வெள்ளைத் திரையாகிவிடும். ஹெல்மெட் வைசரும் இப்படித்தான். சேட் நுனியால் துடைத்துத் துடைத்து மங்கிப்போன வைசரோடு மழையில் ஓடுகிற பொடியனுக்கு, ஃபிளாஷ் முகத்துக்கு நேரே வெடிக்கும். கண் வில்லை கலங்குகிற கற்றரக்ட் தொடங்கிய கண்ணும் இதே வேலையைத்தான் செய்கிறது, வெளிச்சத்தை உள்ளே சிதற அடிக்கிறது. கீறிய கண்ணாடி, மங்கிய வைசர், கலங்கிய வில்லை எல்லாம் ஒரே ஆளுக்கு அமைந்துவிடுவதும் உண்டு.

நம் நாட்டிலும் விதி மீறுகிற சாரதிக்கு லைசன்ஸில் புள்ளி வெட்டுகிற முறை பற்றி நீண்ட காலமாகப் பேசுகிறார்கள். புள்ளி வெட்டுவதென்றால் ஓட்டிய ஆள் யார் என்று தெரிய வேண்டும். அதற்கு முகம் வேண்டும் என்று யாரோ முடிவெடுத்தால், கமரா முன்னாலிருந்து எடுக்கும், ஃபிளாஷ் கண்ணைப் பார்த்து அடிக்கும். சட்ட வரைவில் ஒரு வரி மாறினால் வீதியில் வெளிச்சத்தின் திசை மாறிவிடும். அந்த மேசையில் கண் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

இதை வைத்துக்கொண்டு கமராவே வேண்டாம் என்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். இந்த நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டவர்கள் சாகிறார்கள். வேகம் அதில் பெரிய காரணம். மேலும், கண் கூசுவதைப் பற்றி உண்மையாகக் கவலைப்படுகிறவர் முதலில் கைவைக்க வேண்டியது ஹெட்லைட்டில். பழைய பல்புக்கு அளந்து செய்த லைட் கூட்டுக்குள் விலை குறைந்த வெள்ளை எல்ஈடியைச் செருகினால் வெளிச்சம் கீழே வீதியில் விழாமல் எதிரே வருபவர் நெற்றியில் விழும். 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் சட்டத்துக்குப் புறம்பாகப் பூட்டிய மேலதிக லைட்டுகளைப் பொலிஸார் கழற்ற வைத்தபோது எத்தனை பேர் சத்தம் போட்டார்கள்! கமரா ஃபிளாஷ் எப்போதாவது ஒருமுறை அடிப்பது. இந்த லைட்டுகள் ஒவ்வொரு இரவும், ஒவ்வொரு வளைவிலும்.

இன்னொன்று. இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இரவில் ஓட்டுவதற்கு மஞ்சள் கண்ணாடி கேட்டு வருகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். 2019இல் அமெரிக்காவில் சிமுலேட்டரில் ஓட்டவைத்துப் பார்த்த ஆய்வில், மஞ்சள் கண்ணாடி போட்டவர்களுக்கு இரவில் வீதியில் நடப்பவர் முன்கூட்டித் தெரியவில்லை. வருகிற வெளிச்சத்தில் ஒரு பங்கை அது வெட்டிவிடுகிறது, இருட்டில் வெட்டுவதற்கு வெளிச்சம் எங்கே மிச்சம் இருக்கிறது? அந்தக் காசுக்கு ஒரு புது வைசர் அல்லது வைப்பர் றப்பர் வாங்கிப் பூட்டுங்கள். எதிரே வெளிச்சம் அடித்தால் அதைப் பார்க்காமல் வீதியின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள், பிரேக்கைச் சடுதியாக மிதிக்காதீர்கள்.

போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். சிங்களத்தில் பிழை திருத்தித் தந்தவர் கடையில் கூட வேலை செய்கிற தங்கச்சி. கேட்டிருப்பவை சிக்கலானவை இல்லை. படம் எடுக்கும் கமரா வாங்குவதானால் இன்ஃப்ராரெட் ஃபிளாஷ் வாங்குங்கள், முடியாவிட்டால் பின்பக்கமாக வையுங்கள், இருவழிப் பாதையில் எதிரே வருபவரின் பார்வைக் கோட்டில் தூண் நிற்காமல் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர் என்றால் கண் தானாக மூடிக்கொள்ளாது, எனவே விளக்குகளின் கண் பாதுகாப்புக்கு உலகம் முழுக்கப் பாவிக்கிற ஐஈசி 62471 தரத்தின்படி அது எந்த ஆபத்துப் பிரிவில் வருகிறது என்று விலைமனு கோரும்போதே எழுத்தில் வாங்குங்கள், வாங்கியதை மக்களுக்குத் தெரியப்படுத்துங்கள். அதிவேகப் பாதையில் ஏறும்போதும் இறங்கும்போதும் நேரம் பதிவாகிறது. இரண்டு இடத்துக்கும் இடையிலான தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். இங்கிலாந்தில் 1999 முதல் சராசரி வேகத்தைக் கமராக்களால் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள், அதற்கு வெள்ளை ஃபிளாஷே தேவையில்லை.

கடைசியாக ஒன்றைக் கேட்டிருக்கிறேன். எந்தக் கமராவைத் தெரிவு செய்தாலும் முதல் தூணை நட்டதும், மழை பெய்கிற ஒரு இரவில், அறுபது வயது தாண்டிய ஒரு சாரதியை அவருடைய சொந்த ஓட்டோவில், அந்தக் கீறல் விழுந்த கண்ணாடிக்குப் பின்னால் இருத்தி, வீதியை மறித்துவிட்டு ஃபிளாஷை அடித்துப் பாருங்கள். முன்னால் ஒரு ஆளை நிறுத்தி, அவர் எத்தனை செக்கனில் தெரிகிறார் என்று சாரதியிடமே கேளுங்கள்.